மானும் மதிலும்

நம் மட்டக்களப்பு நாட்டவர் மூன்று வகை நடையை நெடுங்காலமாக அறிந்தவர்கள். முதலாவது நேர்த்தி நடை. ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் வேலேந்திய அடியார் கூட்டம் தெற்கு நோக்கிப் புறப்படும். ஒகந்தையில் முருகனை வணங்கி, குமண, யால என்னும் பெருங்காடுகளைக் கால்நடையாகவே கடந்து, கதிர்காமத்தைச் சேரும். இரண்டாவது தொழில் நடை. விடியுமுன் வயலுக்கும், வலையைத் தோளிலிட்டு வாவிக்கும், விறகுக்குக் காட்டுக்கும் நம் முன்னோர் நடந்த நடை அது. மூன்றாவது ஓட்ட நடை. அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாயையும் பானையையும் தலையிலேற்றி, குழந்தையை இடுப்பிலேற்றி, வாவிக்கு அக்கரை சேர்ந்தால் உயிர் தப்பலாம் என்று நடந்த அந்த நடையை, நாற்பது வயது கடந்த எவரும் மறந்திருக்கமாட்டார்.

நான்காவது நடை ஒன்றும் உண்டு. வேண்டுதலும் இல்லாமல், வேலையும் இல்லாமல், வெருட்டலும் இல்லாமல், நாட்டைக் காண்பதற்காகவே நடக்கும் நடை. இந்த நடைக்கு நாம் புதியவர்கள். பிற நாட்டார் இதனை ஒரு பயிற்சியாகவே வளர்த்திருக்கின்றனர். அமெரிக்காவிலே சான்பிரான்சிஸ்கோ நகரின் கடலோரத்தில் பிரசிடியோ என்றோர் இடம் உண்டு. 1776 ஆம் ஆண்டில் இசுபானியர் அமைத்த படைத்தளம் அது. பின்னர் மெக்சிக்கர் கைக்கும், அதன்பின் அமெரிக்கர் கைக்கும் மாறிற்று. வெறும் மணல்மேடாகக் கிடந்த அந்நிலத்திற் படையினரே மரங்களை நட்டுக் காடு வளர்த்தனர். 1994 இல் படை வெளியேறியது, காடு நின்றது. இன்று அங்கே குடும்பத்தினர் பிள்ளைகளோடு மரநிழலில் நடந்து, பாழடைந்த பீரங்கி மேடைகளின்மீது அமர்ந்து உணவருந்துகின்றனர்.

இத்தகைய இடம் நம் கிழக்குக் கரையில் இல்லையா என்று கேட்பீர்களாயின், இருக்கிறது என்பேன். திருகோணமலையிலே, கோணேசர் வீற்றிருக்கும் சுவாமி மலையை உள்ளடக்கி நிற்கும் பிரெடரிக் கோட்டையே அது. கடலுக்குள் நீண்ட கற்பாறை முனை. அதன்மேல் அடர்ந்த மரங்கள். மரங்களுக்கிடையே துள்ளும் புள்ளிமான்கள். மான்களுக்கிடையே பழைய மதில்களும் பீரங்கிகளும். ஒரே ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பிரசிடியோவை விட்டுப் படை போய்விட்டது. திருகோணமலைக் கோட்டையிலோ இன்றும் படை இருக்கிறது. அந்த வேறுபாடு சிறியதன்று என்பதை இக்கட்டுரையின் போக்கில் வாசகர் உணர்வர்.

கோட்டை என்பது புளியந்தீவாருக்குப் புதிய பொருளன்று. எங்கள் தீவின் ஒரு மூலையிலேயே கோட்டை நிற்கிறது. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது. நான்கு மூலையிலும் நான்கு கொத்தளங்கள். இருபுறம் வாவி, இருபுறம் அகழி. 1638 ஆம் ஆண்டு மே மாதத்தில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த முதற் கோட்டை இதுவே. அடுத்த ஆண்டு, 1639 இல், திருகோணமலைக் கோட்டையும் அவ்வாறே வீழ்ந்தது. ஆகவே இரண்டும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை என்று என் மாணவர்க்குச் சொல்வதுண்டு. எங்கள் கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி நடந்தது. பிறப்புப் பதிவுக்கும் காணிக் கடதாசிக்கும் ஓய்வூதியத்துக்கும் கோட்டை வாயிலால் நுழைந்து பழகியவர்கள் நாங்கள். பழக்கத்தினால் அதன் மதிலை நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில், பத்தாந் தரத்திற் படிக்கும் என் மகள் வரலாற்றுப் பாடத்துக்காக ஓர் ஒப்படை எழுத வேண்டியிருந்தது. ‘நம் மாகாணத்தின் மரபுரிமைச் சின்னம் ஒன்று’ என்பது தலைப்பு. புளியந்தீவுக் கோட்டையை எல்லாரும் எழுதுவார்கள், நான் திருகோணமலைக் கோட்டையை எழுதப்போகிறேன், நடந்து பார்த்துத்தான் எழுதுவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை; மறுக்க இயலுமா? உடனே இசைந்தேன். அப்போது திண்ணையிலிருந்து என் தாயாரின் குரல் கேட்டது.

“தம்பி, நானும் வாறன். கோணேசரைப் பார்க்க வேணும்.”

நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவுக்கு வயது எழுபத்தைந்து. முழங்கால் நோவு வேறு. ஆயினும் எங்கள் வியப்புக்குக் காரணம் முழங்கால் அன்று.

1990 ஆம் ஆண்டு ஆனியில் எங்கள் மாவட்டத்திலே போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டில் ஒரு நாட் காலை, அம்மாவின் இளைய சகோதரர் சைக்கிளில் வீட்டிலிருந்து புறப்பட்டார். அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தாயை இளமையிலேயே இழந்த அவரை அம்மாவே வளர்த்தெடுத்தார். மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. யார் கொண்டுபோயினர், எங்கே கொண்டுபோயினர் என்பதை நாங்கள் இன்றுவரை அறியோம். அதன்பின் மாதக்கணக்காக அம்மா ஒரு புகைப்படத்தைச் சேலைத் தலைப்பிற் பொதிந்துகொண்டு வாயில் வாயிலாக நின்றார். சில வாயில்களில் வெயிலில் நின்றார். சில வாயில்களில் மழையில் நின்றார். ஒரு நாள் வீடு திரும்பிப் புகைப்படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, “இனிக் காவல்காரன் நிற்கிற எந்த வாசலுக்கும் நான் போகமாட்டன்” என்றார். சொன்னபடியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். கோணேசரைக் காண வேண்டுமென்றாலோ கோட்டை வாயிலைக் கடந்தேயாக வேண்டும். வேறு வழி கிடையாது. அதனால் கோணேசரையும் அவர் காணாதிருந்தார்.

மாமாவைப் பற்றி என் மகளுக்கு எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்வதில்லை. அம்மா சொல்லாததை நாங்களும் சொல்லாதிருந்தோம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கரையோர வீதியாற் போனால் ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீற்றர். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று ஊர்கள் தொடரும். முன்னாளில் இவ்வழியிற் செல்வோர் ஆறுகளையும் களப்புகளையும் ‘பாதை’ ஏறியே கடக்க வேண்டும். வள்ளத்தின்மேற் பலகையடித்து, கம்பியைப் பிடித்திழுத்து வண்டிகளையும் மனிதரையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பகுதியிற் பாதை என்றே பெயர். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் மட்டும் 396 மீற்றர் நீளமுடையது. அம்மா பஸ்ஸின் யன்னலோரம் இருந்து ஒவ்வொரு பாலத்தையும் எண்ணிக்கொண்டு வந்தார். வெருகலைக் கடக்கும்போது சித்திரவேலாயுதரை நோக்கிக் கைகூப்பியது தவிர, வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் வைகறையிலே கோட்டைக்குச் சென்றோம். கச்சான் காற்று எழுந்தபின் நடத்தல் கடினம். ஆதலால் வெயிலுக்கு முன்னரே தொடங்கினோம். மேலே கோயில்வரை முச்சக்கர வண்டியும் போகும். மகளோ நடந்துதான் வருவேன் என்றாள். அம்மாவும் நடப்பதாகவே சொன்னார்.

வாயிலில் ஆயுதந்தாங்கிய காவலர் நின்றனர். பத்தடி தூரத்தில் அம்மாவின் கால்கள் நின்றுவிட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த அடியார் கூட்டம் எங்களை விலகிக் கடந்து சென்றது. அப்போது மகள், தான் படித்துவந்ததை ஒப்புவிக்கும் ஆர்வத்தில், “பெத்தா, அந்தக் கல்லைப் பாருங்க” என்று வாயிற் சுவரைக் காட்டினாள். பெத்தா என்பது எங்கள் பக்கத்திற் பாட்டியைக் குறிக்கும் சொல்.

அந்தச் சுவரிற் பாண்டியரின் கயற்சின்னமும் தேய்ந்த தமிழெழுத்துக்களும் பொறித்த கற்கள் உண்டு. அவை கோட்டைக்காக வெட்டிய கற்கள் அல்ல. 1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தான். இடித்த கல்லைக்கொண்டே கோட்டையை எழுப்பினான். சம்பந்தர் பாடிய திருத்தலத்தின் கல் இவ்வாறு பகைவனின் மதிற்கல்லாயிற்று. இதனை மகள் சொல்லி முடித்ததும், அம்மா மெல்ல நடந்து சென்று அச்சுவரின் கல்லொன்றிற் கைவைத்தார். கோயில் வாசற்படியைத் தொடுவதுபோலவே தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இது கோணேசர் வாசல்தானே, தம்பி” என்றார். பின்னர் காவலரைத் திரும்பிப் பாராமல் உள்ளே நடந்தார்.

உள்ளே நுழைந்ததும் உலகம் மாறிவிடுகிறது. நகரத்தின் ஓசை ஓய்ந்து, காற்றும் கடலுமே கேட்கின்றன. விழுதூன்றிய பெரிய ஆலமரங்கள் வீதியின் இருமருங்கும் நிழல் விரிக்கின்றன. மரத்தடிகளிற் புள்ளிமான்கள் கூட்டமாகப் படுத்திருக்கின்றன. மனிதரைக் கண்டு அவை ஓடுவதில்லை. எழுந்து அருகே வருகின்றன. மானுக்கு மருளுதலே இயல்பென்று நாம் படித்த இலக்கியமெல்லாம் இங்கே பொய்த்துப்போகும். வேட்டையாடுவார் இல்லாத இடத்திற் பிறந்து வளர்ந்த மான்கள் இவை. அச்சமின்மை அழகே. ஆனால் அந்த நம்பிக்கையே அவற்றுக்குத் தீங்கும் செய்கிறது. பயணிகள் எறியும் பொலித்தீன் பைகளைத் தின்று மான்கள் இறப்பதுண்டு. மகள் தன் பையில் ஒரு சிறு சாக்கை வைத்திருந்தாள். வழிநெடுகக் கண்ட பைகளைப் பொறுக்கி அதிற் போட்டுக்கொண்டே வந்தாள்.

கோட்டையின் கதையையும் நடந்தபடியே அவளுக்குச் சொன்னேன். 1624 இற் போர்த்துக்கேயர் கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1665 இல் மீண்டும் கட்டிப் பெருப்பித்தனர். 1782 ஆம் ஆண்டு தையில் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆவணியிற் பிரான்சியத் தளபதி சுவ்ரேன் அவர்களிடமிருந்து பறித்தான். மறுபடி அது ஒல்லாந்தரிடம் சேர்ந்தது. 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1803 இல் யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயர் சூட்டப்பட்டது. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், இளந்தளபதியாக இருந்தபோது இங்கே தங்கியிருந்தார். இரண்டு உலகப் போர்களின்போதும் கடலை நோக்கிப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. 1948 இல் நாடு விடுதலை பெற்றபின்னும் திருகோணமலைக் கடற்படைத்தளம் ஆங்கிலேயரிடமே இருந்து, 1957 இலேதான் நம் நாட்டின் கைக்கு வந்தது.

மகள் விரல்விட்டு எண்ணினாள். “அப்பா, நாலு நாட்டுக்காரர் இதுக்காகச் சண்டை புடிச்சிருக்காங்க. ஒருத்தரும் இந்த ஊரவர் இல்லையே!”

“ஊரவர் என்ன செய்தார்கள் என்று உன் புத்தகத்தில் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இல்லை” என்றாள்.

பாதி ஏற்றத்தில் அம்மாவின் முழங்கால் மறுத்தது. ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருகே இருந்த பழைய கட்டடத்தின் விறாந்தையிலிருந்து இளஞ்சிப்பாய் ஒருவன் இதனைக் கண்டான். உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வந்து நிழலில் வைத்து, “அம்மே, இருங்க” என்றான். இருபது வயதுதான் இருக்கும். 1990 இல் அவன் பிறந்திருக்கவே மாட்டான். அம்மா அவன் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு இருந்தார். அவன் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அம்மா குடித்தார். எந்த ஊர் என்று கேட்டார். மொனராகலை என்று, தெரிந்த தமிழில் மறுமொழி சொன்னான். வேறு பேச்சு நடக்கவில்லை. பத்து நிமிடத்தின்பின் அம்மா எழுந்தார்.

சிறிது தூரம் சென்றபின், நான் கேளாமலே சொன்னார்: “கதிரை தந்தான், இருந்தன். நல்ல பிள்ளைதான். அதுக்காக நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி கிடைச்சிட்டுதெண்டு இல்லை.”

இதனைவிடத் தெளிவாக எந்த அரசியல் மேடையிலும் நான் கேட்டதில்லை. நன்றியும் கேள்வியும் ஒரே நெஞ்சிலே, ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க இயலும் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

மலையுச்சியிற் கோயில். இடிபட்ட பழங்கோயிலின் எச்சங்கள் நெடுங்காலம் கடலுள்ளும் மண்ணுள்ளும் கிடந்தன. 1950 இற் கிணறு வெட்டியபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியிற் கடலுள் மூழ்கி, கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963 இற் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. முந்நூற்று நாற்பது ஆண்டுகள் காத்திருந்து மீண்ட கோயில் அது.

அருச்சனைச் சிட்டு வாங்கிக்கொண்டு சந்நிதியில் நின்றோம். குருக்கள் வழமைபோலப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். என் பெயர், மனைவியின் பெயர், பேத்தியின் பெயர் என்று அம்மா சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் முதலிற் சொன்ன பெயர் மாமாவின் பெயர். நட்சத்திரம் உத்தரட்டாதி என்றார். அதன்பின்னரே எங்கள் பெயர்களைச் சொன்னார்.

வாசகர்களே, அருச்சனை என்பது உயிரோடிருப்பவர் பெயராற் செய்வது. இறந்தார்க்குச் செய்வன வேறு. மோட்ச அருச்சனை உண்டு, திதி உண்டு, ஆடி அமாவாசைத் தீர்த்தம் உண்டு. அம்மா இத்தனை ஆண்டுகளில் மாமாவுக்காக அமாவாசை விரதம் பிடித்ததில்லை, அந்தியேட்டி செய்ததில்லை. அன்று அவர் நட்சத்திரம் சொன்ன குரலிலே துயரமும் இல்லை, ஐயமும் இல்லை. வெளியூரிலிருக்கும் தம்பிக்காக அக்கா அருச்சனை செய்வதுபோலவே இருந்தது. குருக்களுக்கு எதுவும் தெரியாது. அவர் பெயரைச் சொல்லிப் பூவை எடுத்துப் போட்டார்.

வழிபாடு முடிந்து இராவணன் வெட்டுப் பக்கமாக வந்து கடலைப் பார்த்து நின்றோம். முந்நூறடிக்குக் கீழே நீலக்கடல் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஹேர்மீஸ் என்னும் கப்பலின் கதையைச் சொன்னேன். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. 1942 ஆம் ஆண்டு மாசியிற் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபின், இந்துமாகடலில் ஆங்கிலேயருக்குத் திருகோணமலையே பெருந்துணையாயிற்று. ஏப்ரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு பொழிந்தன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றியெரிந்தது. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்த ஹேர்மீஸ், எங்கள் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டுக்கொண்டது. அன்று அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. விமானமில்லாத விமானந்தாங்கி, விமானங்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். துணைசென்ற அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் அவ்வழியே வந்தமையாற் பலர் உயிர் தப்பினர். ஹேர்மீஸ் இன்றும் கல்லடிக்கு நேரே, கடலுக்கடியிற் கிடக்கிறது.

“எங்கட அப்பா கண்டவர்” என்றார் அம்மா. “கல்லடிக் கரையில நின்று கடலில புகை எழும்பினதைப் பார்த்தாராம். என்ன புகை எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

“செத்தவங்கட பெயர் எல்லாம் தெரியுமா அப்பா?” என்று மகள் கேட்டாள்.

தெரியும் என்றேன். கடலிலே புதையுண்ட ஆங்கிலக் கடற்படையினரின் பெயர்களை இங்கிலாந்திலே போட்ஸ்மவுத், பிளிமவுத், சதம் ஆகிய துறைமுகங்களில் நினைவுச் சின்னங்களிற் பொறித்துவைத்திருக்கிறார்கள். உடல் கிடையாவிட்டாலும் பெயர் கிடக்கிறது.

மகள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “கோயிலில பெத்தா முதலில சொன்ன பெயர் ஆருடைய பெயர்?” என்றாள்.

நான் வாய் திறக்குமுன் அம்மா அவள் கையைப் பிடித்துத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். மதிலோரத்தில் அமர்ந்தபடி சொல்லத் தொடங்கினார். மாமா வாவியில் நீந்துவதிற் கெட்டிக்காரர் என்றார். பூரணை இரவில் வள்ளத்திலிருந்து துடுப்பை நீருள் விட்டுக் காதைவைத்து மீன்பாட்டுக் கேட்பார் என்றார். கணக்கிற் சிறந்தவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமற் படிப்பித்தார் என்றார். எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவரே என்றார். அந்தக் காலைப்பொழுதையும் சொன்னார். அன்று சமைத்த கறி இன்னதென்றும் சொன்னார். வளவில் நாங்கள் வெட்டிய பதுங்குகுழியையும், மண்மூட்டை அடுக்கித் தென்னங்குற்றி பரப்பி அதனை மூடியவர் மாமாவே என்பதையும் சொன்னார். இவற்றுட் பலவற்றை நானும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். என் மகள் அழவில்லை. பெத்தாவின் கையை விடாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

தொல்காப்பியர் புறத்திணையியலிலே, வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையை ஆறு படியாக வகுத்துக் கூறுகிறார். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஒழுங்கு உண்டு. வகுப்பிற் பல தடவை கற்பித்திருக்கிறேன். அன்று மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. முடிவு தெரிந்தவனுக்கன்றோ கல்? முடிவே தெரியாதவனுக்கு எந்தக் கல்லை நடுவது? என்று எழுதுவது? இறந்தான் என்று எழுதினால் அம்மாவின் நெஞ்சுக்கு ஒவ்வாது. இருக்கிறான் என்று எழுதினால் ஆண்டுகள் சிரிக்கும். போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை வந்து போனவர்களின் ஆண்டும் பெயரும் இக்கோட்டையெங்கும் நிற்கின்றன. நம் வீட்டுப் பெயர்கள் மட்டும் கிழவிகளின் நாவிலே நிற்கின்றன. அந்த நாவும் ஓய்ந்துவிட்டால்?

வீடு திரும்பியபின் மகள் ஒப்படையை எழுதினாள். கோட்டையின் வரைபடம் கீறினாள். ஆண்டுகளைப் பட்டியலிட்டாள். மான்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். கடைசித் தாளில், ‘எங்கள் வீட்டுப் போர்க்கால எச்சம்’ என்று ஒரு தலைப்பிட்டிருந்தாள். அதன்கீழ் எழுதியது இவ்வளவே: எங்கள் வளவில் ஒரு பதுங்குகுழி இருந்தது, 1990 இல் பெத்தாவின் தம்பி அமைத்தது, இப்போது மூடப்பட்டு, அவ்விடத்தில் ஒரு தேசிமரம் நிற்கிறது, அவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பின்பு அவருடைய முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் எழுதியிருந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதனை இருமுறை படித்தார். பிறந்த திகதியில் ஒரு நாள் பிழைத்திருந்ததைத் திருத்தச் சொன்னார்.

இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பத்தாரும் மாணவரும் அந்தக் கோட்டைக்கு ஒருமுறை நடந்துசெல்ல வேண்டும் என்பது என் விருப்பம். பங்குனி முதல் புரட்டாதி வரை கிழக்குக் கரையில் வானம் தெளிந்திருக்கும். வாடைமழைக் காலத்திற் பாறை வழுக்கும். வெயிலேறுமுன் ஏறி இறங்கிவிடுங்கள். கோட்டைக்குட் பொதுமக்கள் செல்லலாகாத இடங்கள் உண்டு. அறிவித்தற் பலகைகளை மதித்து நடவுங்கள். மானுக்கு எதுவும் கொடாதீர்கள், எதையும் எறியாதீர்கள். இவையெல்லாம் எளிய செய்திகள். இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பாராயின் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். வண்டியில் ஏற்றாமல், இயலுமாயின், மெல்ல நடத்திச் செல்லுங்கள். வீட்டுத் திண்ணையிற் பேசாத வாய், வழியிற் சில வேளை பேசும். அவர் நின்றால் நில்லுங்கள். அவர் எந்தக் கல்லைத் தொடுகிறார், யாருடைய பெயரைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளையின் கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும்.